கேட்டுக்காரனின் பகல் தூக்கம்

விழுப்புரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த முதலாளி கட்டிவிட்டிருந்த லைன் வீட்டில் பத்துக் குடித்தனம். பத்துக்கும் சேர்த்து ஒரே ஓட்டுக்கூரை. ஒரு குடித்தனத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மண்சுவர் இருந்தது. அதற்கு மேல், சுவருக்கும் ஓட்டுக்கும் இடையே, இரண்டு முழம் வெறும் காற்று. அந்த இரண்டு முழத்தை அடைத்திருந்தால் முதலாளி பிச்சைக்குப் போயிருக்கமாட்டார். அடைக்கவில்லை. முதல் வீட்டுக்காரன் ஏப்பம் விட்டால், அவன் என்ன சாப்பிட்டான் என்று பத்தாம் வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

நாலாவது வீட்டில் பாஞ்சாலி இருந்தாள். இருபது வயது. புருஷன் தாண்டவராயன் ரயில்வே கேட்டுக்காரன். ஊருக்கு வெளியே வண்டிப்பாதை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் கேட்டை மூடுவதும் திறப்பதும் அவன் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் விடியக்காலம் ஆறு மணிக்கு விடுதலை. யுத்த காலம். பட்டாளத்து வண்டிகள் நேரம் காலம் இல்லாமல் ஓடின. பன்னிரண்டு மணி நேரத்தில் கண் மூட ஒரு நிமிஷம் கிடையாது.

அவன் ஒரு தரம் கண்ணை மூடிவிட்டான். அது திண்டிவனத்துப் பக்கம் கேட்டு பார்த்தபோது. கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் இரண்டு ஆள் வேலையையும் இவனே பார்த்தான். மூன்றாம் நாள் கேட்டு திறந்து கிடக்க, இவன் கல்லின்மேல் உட்கார்ந்தபடி தூங்க, டிரைவர் ஊதி ஊதி வண்டியை நிறுத்தினான். ஓர் ஆடுகூடச் சாகவில்லை. ஆனாலும் காகிதம் வந்தது. இன்னொரு தரம் தூங்கினால் வேலை இல்லை என்று அதில் எழுதியிருந்ததை ஸ்டேஷன் கிளார்க்கு படித்துக் காட்டினான். அதோடு விழுப்புரத்துக்குத் தூக்கிப் போட்டார்கள்.

வேலை இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று பாஞ்சாலிக்குக் கிளார்க்கு சொல்லித் தெரியவேண்டியதில்லை. கண்டமங்கலம். ஆண்டையின் மாட்டுக்கொட்டகை. தாண்டவராயனின் அப்பன் அங்கேதான் பண்ணையாளாகப் பிறந்தான், அங்கேதான் செத்தான். ஆண்டை வருகிறார் என்றால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கவேண்டும். அந்தக் குடும்பத்தில் காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் தாண்டவராயன். அந்தச் சட்டையை அவள் தினமும் துவைப்பாள். கொடியில் காயும்போது யார் கையாவது அதன்மேல் பட்டுவிட்டால்கூடச் சண்டைக்குப் போவாள்.

ஆக, அவன் பகலில் தூங்கியாகவேண்டும். அவ்வளவுதான் விஷயம். உலகத்தில் யாரிடமும் அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆனால் ஐந்தாவது வீட்டில் குப்பம்மாள் இருந்தாள்.

முதலாளியின் மண்டியிலிருந்து மல்லாட்டை மூட்டை மூட்டையாக அவள் வீட்டுக்கு வரும். தண்ணீர் தெளித்து, தரையில் கொட்டி, தடியால் அடித்துத் தோலை உடைத்துப் பருப்பெடுத்துக் கொடுக்கவேண்டும். குப்பம்மாள், அவளுடைய இரண்டு பெண்கள், லைனிலிருந்து இன்னும் நாலு பேர். காலையில் சோறு கண்ட கையோடு ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரைக்கும் ஏழு தடி மாறி மாறி விழும். தடிச் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்று பேச்சும் கத்தலாகத்தான் இருக்கும். எவள் மருமகள் எவனோடு சினிமாவுக்குப் போனாள் என்பதெல்லாம் அந்த இரண்டு முழ இடைவெளி வழியாகத் தாண்டவராயனின் காதில் வந்து இறங்கும்.

முதல் வாரமே பாஞ்சாலி போய்க் கேட்டாள்.

"அக்கா, அவரு கேட்டுல ராத்திரியெல்லாம் முழிச்சிக்கினு இருந்துட்டு வர்றாரு. தூங்கலன்னா வேலைக்கே ஆபத்து. மதியானம் வரைக்கும் கொஞ்சம் நிறுத்தி அடிக்கக் கூடாதா?"

குப்பம்மாள் தடியை நிறுத்தவில்லை. "உன் புருஷன் தூங்கினா எம்புள்ளைங்க வயிறு ரொம்புமா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒன்பதாம் வீட்டுக் கோவிந்தம்மாள், "துரை தூங்குறாருடி, மெதுவா அடிங்க! பூவால அடிங்க!" என்றாள். அதற்கும் சிரிப்பு.

குப்பம்மாள் பொல்லாதவள் இல்லை. அவள் புருஷன் வெங்கடாசலம் மண்டியில் மூட்டை சுமந்தவன். ஒரு நாள் மூட்டையோடு படியில் விழுந்து இடுப்பு போய்விட்டது. ஆறு மாதமாகப் பாயில் கிடந்தான். முதலாளி அவனுக்குக் கொடுத்த வைத்தியம், அவன் பெண்டாட்டிக்குக் கொடுத்த இந்த மல்லாட்டை மூட்டைதான். இதெல்லாம் பாஞ்சாலிக்குத் தெரியும். தெரிந்ததனால் கோபம் குறையவில்லை. போக ஒரு வழியில்லாமல் அது உள்ளேயே கொதித்தது.

மண்டிக்கே போனாள். முதலாளி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு முழுசும் கேட்டார். கேட்டுவிட்டு, "வீடு புடிக்கலன்னா காலி பண்ணு. வர்றதுக்கு இருவது பேரு நிக்கறான்," என்றார்.

"வீடு புடிக்குதுங்க. சத்தந்தான்…"

"சத்தம் என் மல்லாட்டை சத்தம்மே. அது அடங்கினா மண்டி அடங்கிடும். போ, போ. பேஜாரு பண்ணாத."

அவள் செய்து பார்க்காதது இல்லை. புருஷன் காதில் பஞ்சு அடைத்தாள். பஞ்சுக்கு மேல் துணி கட்டினாள். மாதாகோயில் மரத்தடியில் பாய் விரித்துப் படுக்கவைத்தாள். அங்கே ஈயும் எறும்பும் மொய்த்தன, மூன்றாம் நாள் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வந்து எழுப்பி விரட்டினார். ஏரிக்கரைக்கு அழைத்துப் போனாள். வெயில் நகர நகர அவனையும் நகர்த்தினாள். மழை வந்து அதுவும் போயிற்று. தூக்கம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக. அவன் கண்கள் மிளகாய்ப்பழம் போல இருந்தன. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது கை பாதியில் நின்றுவிடும்.

ஒரு நாள் காலையில் வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"பாஞ்சாலி."

"இன்னா?"

"நேத்து நின்னுக்கினே தூங்கிட்டேன்மே. கேட்டுச் சங்கிலி கையில இருக்குது. கண்ணத் தொறந்து பாக்கறேன், வண்டி எதிர்ல வந்துக்கினு இருக்குது. எப்படி மூடனேன்னே தெரியல. மூடிட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் மூட்டையைப் பிரித்துக் கொட்டும் சத்தம் கேட்டது. சலசலவென்று கொட்டி முடிந்ததும் முதல் தடி விழுந்தது.

பாஞ்சாலி வெளியே போனாள். தெருக்கோடி வேப்பமரத்தில் எட்டிக் கொத்தாக ஒடித்தாள். கொண்டுவந்து தன் வீட்டு நிலைப்படியில் செருகினாள். மஞ்சளை அரைத்து முகத்திலும் கழுத்திலும் அப்பிக்கொண்டாள். தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு கதவைப் பாதி சாத்தி, உள்ளே பாயில் சுருண்டு படுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே யாரோ ஓடினார்கள். குப்பம்மாளின் குரல் கேட்டது, தணிந்த குரல். அவளுக்குத் தணிந்த குரல் உண்டு என்பதே பாஞ்சாலிக்கு அன்றுதான் தெரியும்.

"நிறுத்துங்கடி. தடிய வைங்க கீழ. நாலாவது வூட்ல அம்மா வாத்திருக்குது."

அம்மை வந்த வீட்டுக்குப் பக்கத்தில் இடிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. வந்திருப்பவள் ஆத்தா. சத்தம் அவளுக்கு ஆகாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. மண்டி முதலாளியே சேதி கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் அந்த லைனில் மல்லாட்டையைத் தொடக்கூடாது என்று ஆளனுப்பிவிட்டாராம். பாஞ்சாலி கெஞ்சியபோது அசையாத லைன், வேப்பிலைக்கு ஒரே நிமிஷத்தில் அடங்கிப்போனது. அழுத பிள்ளையைக்கூட வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

தாண்டவராயன் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு ஒண்ணுமில்லியே?"

"ஒண்ணுமில்ல. படுங்க. ஜல்தி தூங்குங்க."

"ஆத்தா பேர்ல பொய் சொன்னியா?"

"ஆமா, சொன்னேன். மனுசன் பேர்ல சொன்னதெல்லாம் எவன் காதுல ஏறுச்சு? படுங்க."

அவன் படுத்தான். கண்ணை மூடினான். அவள் முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். ஈ பறக்கும் சத்தம் கேட்டது. ஓட்டின்மேல் காக்கை நடப்பது கேட்டது. தாண்டவராயன் கண்ணைத் திறந்து நிலைப்படி வேப்பிலையைப் பார்த்தான். மூடினான். திறந்தான்.

"எங்க அத்தைக்கு அம்மா வாத்தப்போ ஒருத்தி கிண்டலா பேசினா. பதினஞ்சே நாளு. ரெண்டு கண்ணும் போயிடுச்சி," என்றான்.

"தூங்குங்கன்னு சொல்றேன்."

"தூக்கம் வரலமே."

மாலை வரைக்கும் வரவில்லை. இப்படி ஆகும் என்று பாஞ்சாலி நினைக்கவே இல்லை. சத்தம்தான் அவன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று இருந்தாள். சத்தத்தை நிறுத்தியாயிற்று. இப்போது அவன் பயத்தில் விழித்துக் கிடந்தான். முன்பாவது ஒரு மணி நேரம் கண்ணயர்வான். இப்போது அதுவும் இல்லை. ஆத்தாளைக் காவலுக்கு வைத்து அவனை முழித்திருக்கச் செய்தது போல ஆகிவிட்டது.

இரண்டாம் நாளும் அப்படியே. அவன் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டான். கையில் கொசு கடித்த தடிப்பைக் காட்டி, "இது இன்னான்னு பாரு," என்றான்.

"கொசு."

"நல்லா பாரு."

"கொசுதாங்க! என் சாமியே, தூங்குங்களேன்! காலு கையப் புடிச்சி கேக்கறேன்!" கத்தக் கூடாதே என்று அதையும் குசுகுசுவென்று சொன்னாள். குசுகுசுவென்றே அழுதாள்.

அன்று மத்தியானம் வாசலில் யாரோ எதையோ வைத்துவிட்டு நகர்வது கேட்டது. கதவிடுக்கால் பார்த்தாள். ஒரு சொம்பு. கேப்பங்கூழ், மேலே சின்ன வெங்காயம். குப்பம்மாள் தள்ளி நின்று, வீட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

சொம்பை எடுத்து உள்ளே வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் காது தானாகப் போயிற்று. சமைக்கும் அரவமே இல்லை. குப்பம்மாளின் சின்னப் பெண் பொன்னி மெல்ல, "அம்மா, பசிக்குது," என்றாள். "ஆத்தா எறங்கட்டும்டி. எறங்கினதும் மல்லாட்ட அடிக்கலாம்," என்று பதில் வந்தது. பாயில் கிடந்த வெங்கடாசலம், "எனக்கு வேணாம். என் பங்கை அவளுக்கு ஊத்து," என்றான். எதை ஊற்றுவாள்? பங்கு இந்தப் பக்கம் சொம்பில் இருந்தது.

மூன்றாம் நாள் தாண்டவராயன் வேலையிலிருந்து வரும்போது நேராக நடக்கவில்லை. குடித்தவன் போல வந்தான். படுக்கவும் இல்லை. கதவுக்கு எதிரே உட்கார்ந்து வேப்பிலையைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தான். உச்சி வெயில் சாய்ந்தது. பாஞ்சாலி எழுந்து முகத்து மஞ்சளைக் கழுவினாள். தலையை முடிந்தாள். காய்ந்துபோன வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தாள். ஐந்தாம் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

குப்பம்மாள் பதறி எழுந்தாள். "ஏண்டி வெளிய வந்த? இன்னும் தண்ணி ஊத்தலியே! காத்து பட்டா…"

"அக்கா, எனக்கு அம்மா வாக்கல."

"எறங்கிட்டாளா?"

"எறங்கறதுக்கு இன்னா இருக்குது? வரவே இல்ல. நாந்தான் வேப்பிலை செருகினேன். அவரு தூங்கட்டும்னு."

குப்பம்மாள் அவள் முகத்தைக் கிட்டப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பளாரென்று ஓர் அறை விட்டாள்.

"எம்புள்ளைங்க நேத்து தண்ணியக் குடிச்சிட்டு படுத்துதுங்கடி!"

"தெரியும்."

"தெரியுமாம்! சொல்றா பாரு வாயால! அந்தக் கூழு கடைசி மாவுடி. ஆத்தா குடிக்கறான்னு நெனச்சி ஊத்தனேன். உனக்கா ஊத்தினேன்?" மறுபடி கை ஓங்கினாள். அடிக்கவில்லை. "வாயி இல்ல உனக்கு? எங்கிட்ட நேரா சொல்றதுதானே?"

"மொத வாரமே வந்து சொன்னேனே அக்கா. வேலைக்கே ஆபத்துன்னு சொன்னேனே."

குப்பம்மாள் ஓங்கிய கையை இறக்கினாள். "சொன்ன. சொன்னா மட்டும்? நான் அடிக்காம இருந்துடுவனா?" என்றாள்.

"இருக்க மாட்ட."

"ஆங். அப்பறம் இன்னா?"

இரண்டு பேருக்கும் பேச அதற்குமேல் எதுவும் இல்லை. ஆனால் மற்றவர்களுக்கு நிறைய இருந்தது. லைன் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. தாளிக்காத குழம்பைத் தின்ற மூன்று நாள் கோபத்தையும் கோவிந்தம்மாள் அவிழ்த்துவிட்டாள். ஆத்தாளை வைத்து விளையாடியவள் இந்தக் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது, கூழ் ஊற்றி அபராதம் கட்டிவிட்டுக் காலி பண்ணவேண்டும், முதலாளிக்கு இப்போதே சொல்லியனுப்பவேண்டும் என்றாள். பாஞ்சாலி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். காலி பண்ணுவதா? எங்கே? அதை நாளைக்குப் பார்க்கலாம்.

குப்பம்மாள் கூட்டத்தில் சேரவில்லை. "வாங்கடி, மூட்டைய அவுங்க. விளக்கு வைக்கறதுக்குள்ள ஒரு மூட்டையாவது ஆவட்டும்," என்று பெண்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பாஞ்சாலி வீட்டுக்குள் வந்தபோது தடிகள் விழ ஆரம்பித்திருந்தன. மூன்று நாள் பாக்கியும் சேர்த்து விழுந்தன.

"சொல்லிட்டியா?" என்று கேட்டான் தாண்டவராயன்.

"சொல்லிட்டேன்."

"எல்லார்கிட்டயும்?"

"லைன் பூரா."

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். தலை தரையைத் தொடுவதற்குள் தூங்கிவிட்டான். பக்கத்து வீட்டில் தடிகள் விழ, கோவிந்தம்மாள் வாசலில் கத்த, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

அவன் ஆறு மணிக்குக் கேட்டில் இருக்கவேண்டும். அப்போதே மணி ஐந்தைத் தாண்டியிருக்கும். பாஞ்சாலி அவன் பக்கத்தில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டாள். எழுப்பினால் பாவம். எழுப்பாவிட்டால் கண்டமங்கலம். கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டுப் பார்த்தாள். கடைசியில் பானைத் தண்ணீரை மொண்டு அவன் முகத்தில் ஊற்றினாள். சட்டையை அவளே மாட்டிவிட்டாள். கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

வண்டிப்பாதை நெடுக அவன் கண்ணை மூடிக்கொண்டே நடந்தான். அவள் பேசிக்கொண்டே வந்தாள். முதலாளியைத் திட்டினாள், கோவிந்தம்மாளைத் திட்டினாள், அவனைத் திட்டினாள். "உம்" என்ற பதில் நின்றால் கையில் கிள்ளினாள்.

கேட்டில் பகல்காரன் சவுரிராயன் சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தான். "இன்னாம்மா, நீயும் வந்துட்ட?"

"சோறு எடுத்தாந்தேன்."

அவள் கையில் சோறு எதுவும் இல்லை. சவுரிராயன் அதைப் பார்த்தான், தாண்டவராயனின் கண்ணையும் பார்த்தான். "பாசஞ்சரு நேரத்துக்கு வருதாம். இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கந்தான் டிராலியில சுத்திக்கினு இருக்காரு, பாத்துக்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

தாண்டவராயன் கைவிளக்கை ஏற்றினான். திரியைச் சரி பண்ணினான். "நீ போமே. நான் பாத்துக்கறேன்," என்றபடி கல்லின்மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் தூங்கிப்போனான்.

இருட்டத் தொடங்கியிருந்தது. ஸ்டேஷன்காரர்கள் கம்பி வழியாக அடிக்கும் மணி, கேட்டுக் குடிசைச் சுவரில் கிணுகிணுவென்று அடித்தது. திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் வருகிறது.

"ஏங்க!"

உலுக்கினாள். தொடையில் கிள்ளினாள். இரண்டு கன்னத்திலும் அறைந்தாள். அவன் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியதே தவிரக் கண் திறக்கவில்லை. தூரத்தில் கைகாட்டி இறங்கியது. பாதையில் மல்லாட்டை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று தண்டவாளத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பாஞ்சாலி எழுந்து ஓடினாள். இந்தப் பக்கத்துக் கதவைத் தள்ளினாள். அவன் ஒரு கையால் தள்ளுவதைச் சோறு கொண்டுவந்த நாளில் எல்லாம் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அது உடம்பின் பலம் முழுவதையும் கேட்டது. சங்கிலியைப் போட்டாள். தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் மாட்டின் மூக்குக்கு நேரே இன்னொரு கதவை இழுத்து மூடினாள். திரும்பி ஓடிவந்து விளக்கை எடுத்தாள். பச்சைக் கண்ணாடியை முன்னால் திருப்பி, வண்டி வரும் திசைக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். விளக்கு ஆடாமலிருக்க மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

எஞ்சின் வந்தது. நிலம் அதிர்ந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, காக்கிச் சட்டை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புடவையைப் பார்த்துக்கொண்டே போனான். இரண்டு கஜ தூரத்தில் பெட்டி பெட்டியாகத் தடதடவென்று ஓடி முடிந்தது. தாண்டவராயன் அசையவில்லை.

மாட்டுவண்டிக்காரன் வாய்விட்டுக் கத்தினான். "ஏம்மா! ரயிலுதான் போயிடுச்சே, தொற கேட்ட! எங்க அந்த ஆளு? பொம்பளையா கேட்டு பாக்கறது? ஸ்டேஷன்ல போயி சொல்றன் பாரு!"

பாஞ்சாலி ஓடிப்போய் அவன் முன்னால் நின்றாள். காலையில் ஆறு மணி ஆவதற்குள் இன்னும் எத்தனை வண்டி வரும் என்று அவளுக்குத் தெரியாது. டிராலி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றும் தெரியாது. மணி அடித்தால் மூடவேண்டும், போனால் திறக்கவேண்டும், அவ்வளவுதான் தெரியும். ஒரு கையில் விளக்கு இருந்ததால் இன்னொரு கையை மட்டும் நீட்டி வண்டிக்காரனின் காலைத் தொட்டாள்.

"சொல்லுங்க. காலையில போயி சொல்லுங்க. இப்ப கத்தாதீங்க சாமி," என்றாள். "அவரு தூங்கறாரு."